கத்தி மலையேறுமா? சேர்வராயன் மலையிலிருந்து அறுவை மருத்துவ வரலாற்றைப் பார்த்தல்

1. கேள்வி

ஏற்காடு ஒன்றியத்தின் மலையூராட்சிகளுள் மஞ்சக்குட்டையும் ஒன்று. காபித் தோட்டங்கள், அவற்றுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்கள், இடையிடையே மலையாளிப் பழங்குடியினரின் குடியிருப்புகள் என்று அமைந்த நிலம் இது. இங்கே ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் மாத்திரை மேலே வந்து சேரும். தடுப்பூசி குளிர்ப்பெட்டிக்குள் பத்திரமாக ஏறிவரும். கர்ப்பிணியின் பெயரைப் பதிவேட்டில் எழுதக் கிராமச் செவிலியர் வீடு தேடி வருவார். ஆனால் குடல்வால் வெடித்துவிட்டால் நோயாளிதான் கீழே இறங்க வேண்டும். சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள்.

மருத்துவத்தின் மற்ற கிளைகள் மலையேறக் கற்றுக்கொண்ட பிறகும் அறுவை மட்டும் ஏன் சமவெளியிலேயே உட்கார்ந்திருக்கிறது? சாலை இல்லை, மருத்துவர் வர மறுக்கிறார் என்று உடனே பதில் வரும். இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் அறுவையின் வரலாற்றையே நாம் தவறாகச் சொல்லிவருகிறோம் என்பதும் இதில் ஒரு பங்கு என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த வரலாறு பெரும்பாலும் கைராசிக்காரர்களின் வரிசையாக எழுதப்பட்டிருக்கிறது: சுசுருதர் வெட்டினார், தஞ்சை மன்னர் சரபோஜி கண்நோயைக் குணமாக்கினார், ரங்காச்சாரி அற்புதம் செய்தார் என்று. அந்தக் கைகளைச் சுற்றி யார் யார் நின்றார்கள், கூலி யார் கொடுத்தார்கள், வெந்நீருக்கு விறகு யார் கொண்டுவந்தார்கள் என்பது கதையில் இல்லை. அந்தச் சுற்றத்தை மீட்டெடுத்துப் பார்ப்பதுதான் இக்கட்டுரையின் முயற்சி.

2. சொல்லில் ஒளிந்த கை

ஆங்கிலத்தில் சர்ஜரி என்னும் சொல், கைவேலை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. வடமொழியில் சல்லியம் என்றால் முள், அம்புமுனை. உடலுக்குள் தைத்ததைப் பிடுங்கி எடுக்கும் கலை அது. ஈழத்தமிழர் இன்றும் வழங்கும் சத்திர சிகிச்சையில் இருப்பது கத்தி. நம் பக்கம் அறுவை சிகிச்சை நிலைத்துவிட்டது. பேச்சுவழக்கில் அறுவை என்றால் சலிக்கச் சலிக்கப் பேசுவது என்ற பொருளும் உண்டு என்பதாலோ என்னவோ, மக்கள் ஆபரேஷன் என்றே சொல்லிவிடுகிறார்கள்.

முள், கத்தி, அறுத்தல், கைவேலை: நான்கு சொற்களும் ஒரு கணத்தையே பிடித்து வைத்திருக்கின்றன, கருவி சதையைத் தொடும் கணம். தற்செயலாக, இடத்தைச் சொல்லும் ஒரு சொல்லும் நம்மிடம் புழங்குகிறது. வராந்தாவில் காத்திருக்கும் உறவினர்கள், தியேட்டருக்குள்ள கொண்டுபோயிட்டாங்க என்பார்கள். ஐரோப்பியக் கல்லூரிகளில் மாணவர்கள் படிப்படியான இருக்கைகளில் அமர்ந்து அறுவையைப் பார்த்த காலத்தின் மிச்சம் அந்தச் சொல். இக்கட்டுரைக்கு வேண்டியது அதுதான்.

3. திருமுக்கூடலின் கூலிக் கணக்கு

தமிழ்நாட்டு மருத்துவ வரலாற்றில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது திருமுக்கூடல் கல்வெட்டு. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்திலுள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில், 11ஆம் நூற்றாண்டில் சோழன் வீரராசேந்திரன் காலத்தில் வெட்டப்பட்டது. வீரசோழன் என்ற பெயர் கொண்ட ஆதுலசாலை ஒன்றை அது விவரிக்கிறது. 15 படுக்கைகள், மருத்துவர், சல்லியக்கிரியை பண்ணுவான், மூலிகையும் விறகும் கொணர்ந்து மருந்து அடுவோர், மருந்து கொடுக்கும் பெண்கள், நாவிதன் என்று பணியாளர் பட்டியல் நீள்கிறது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மிடம் அறுவை மருத்துவர் இருந்தார் என்ற பெருமிதத்துக்கே இக்கல்வெட்டு பெரும்பாலும் பயன்படுகிறது. பெருமிதத்தோடு நிறுத்தாமல் கூலியையும் படிக்க வேண்டும். மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் அதற்கு மேல் காசும். சல்லியக்கிரியை பண்ணுவானுக்கு 30 கலம். நாவிதனுக்கு 15 கலம். மருத்துவர் தம் பெயரோடும் ஊரோடும் கல்லில் நிற்கிறார்; அறுப்பவர் தொழிலால் மட்டும் சுட்டப்படுகிறார். அறிவுக்கு 3 பங்கு, கைக்கு 1 பங்கு என்பது கணக்கு.

இந்த ஏற்றத்தாழ்வு தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்தில் 1540இல் நாவிதர்களும் அறுவையாளர்களும் ஒரே சங்கமாக்கப்பட்டார்கள். 1745 வரை பிரியவில்லை. அங்கே இன்றும் அறுவை மருத்துவர்கள் டாக்டர் என்பதைவிட மிஸ்டர் என்று அழைக்கப்படுவதையே விரும்புவது அந்தப் பழைய தாழ்வு பின்னர் பெருமையாக மாறியதன் அடையாளம். தமிழ்நாட்டில் முடிதிருத்தும் சமூகத்தார்க்கு மருத்துவர் என்ற பெயரும், அச்சமூகப் பெண்கள் பலர் பார்த்த பேறுகாலப் பணிக்கு மருத்துவச்சி என்ற பெயரும் வழங்கின. கட்டியைக் கீறுவதும் தொப்புள்கொடி அறுப்பதும் இரத்தத்தைத் தொடும் வேலைகள். தொட்டவரின் தகுதியைச் சாதி குறைத்தது. வேலையின் தேவையை அதனால் குறைக்க முடியவில்லை.

என் வாதத்துக்கு இக்கல்வெட்டு தரும் பெரிய சான்று வேறு. அறுப்பவன் அங்கே தனியாள் இல்லை. படுக்கை, சோறு, விறகு, மருந்துக் கிடங்கு, பணிப்பெண்கள் எல்லாம் ஒரே கணக்கில் எழுதப்பட்டிருக்கின்றன. கல்லில் வெட்டியவர்கள் ஆளைவிட ஏற்பாட்டையே பதிவு செய்திருக்கிறார்கள்.

4. மேனி அறுவையும் உள்ளறுவையும்

இங்கே ஒரு வேறுபாட்டை வைத்துக்கொள்வது உதவும். உடலின் மேற்பரப்பிலும் எட்டும் தூரத்திலும் செய்யும் அறுவை ஒன்று: கட்டி கீறுதல், அம்பு பிடுங்குதல், புரை விழுந்த கண்ணில் ஊசியால் வில்லையை உள்ளே தள்ளுதல், முறிந்த எலும்பைக் கட்டுதல். இதை மேனி அறுவை என்போம். வயிறு, மார்பு, மண்டை ஆகிய மூடிய அறைகளைத் திறப்பது உள்ளறுவை.

மேனி அறுவைக்குப் பெரிய கூடம் வேண்டாம். இதற்கு மிகப் பெயர்பெற்ற சான்று சேலம் மாவட்டத்தின் தலையெழுத்தை மாற்றிய அதே போரிலிருந்து வருகிறது. மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792இல், பாரமகாலும் சேலமும் திப்புவிடமிருந்து கம்பெனியின் கைக்குப் போயின. சேர்வராயன் மலைக்கு வெள்ளைக்காரக் கலெக்டர்களும் பிறகு காபியும் வந்தது இதன் தொடர்ச்சி. ஆங்கிலப் படையில் மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் இப்போரில் சிறைப்பட்டு மூக்கு அறுபட்டார். புனேயில் ஒருவர் அவரது நெற்றித் தோலை மடித்திறக்கிப் புது மூக்கு அமைத்தார். இரண்டு ஆங்கில மருத்துவர்கள் அதை நேரில் பார்த்தார்கள். 1794இல் இச்செய்தி லண்டனின் ஜென்டில்மேன்ஸ் மேகசின் இதழில் படத்துடன் வெளிவந்தது. அதைத் தொடர்ந்து கார்ப்யூ என்னும் லண்டன் அறுவையாளர் 1814இல் அதே முறையைச் செய்துபார்த்தார். இன்றைய பிளாஸ்டிக் சர்ஜரி அதிலிருந்து கிளைத்தது.

இதைச் சுசுருதர் மரபு அறுபடாமல் வந்ததற்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். அவ்வளவு எளிதாக ஒப்ப முடியவில்லை. அந்த இதழ்க் குறிப்பின்படி அறுவை செய்தவர் செங்கல் செய்யும் சாதியைச் சேர்ந்தவர். ஏட்டைப் பாதுகாத்தவர்கள் ஒரு பக்கம், கையைப் பாதுகாத்தவர்கள் இன்னொரு பக்கம் என்று பிரிந்து கிடந்ததைத்தான் இச்சம்பவம் காட்டுகிறது. சுசுருத சம்ஹிதை பிணத்தை நீரில் ஊறவைத்து உறுப்புகளைக் கற்கும் முறையைச் சொல்கிறது. பிணத்தைத் தொடுவது தீட்டான பிறகு அந்தப் பகுதி ஏட்டளவில் நின்றது.

என் பிரிவினைக்கு எதிரான சான்றையும் சொல்லிவிட வேண்டும். சிறுநீர்ப்பைக் கல்லை அறுத்தெடுக்கும் முறை சுசுருதத்திலும் பழைய ஐரோப்பாவிலும் உண்டு. அது உள்ளறுவைதான். ஆனால் அது கையின் வேகத்தையே நம்பிய பந்தயம். அறுப்பதற்கு முன் அரசனிடம் அனுமதி பெறச் சொல்லும் அளவுக்கு அந்நூலுக்கே அதன் ஆபத்து தெரிந்திருந்தது. உள்ளறுவை நாள்தோறும் நடக்கும் தொழிலானதற்கு இரண்டு நிகழ்ச்சிகள் காரணம்: 1846 அக்டோபரில் பாஸ்டனில் ஈதர் மயக்கம், 1867இல் லிஸ்டரின் கிருமித் தடுப்பு. நோயாளி அசையாமல் கிடந்ததால் அவசரம் போனது. சீழ் பிடிக்காததால் வயிற்றைத் திறக்கும் துணிவு வந்தது. அதற்கு விலையும் இருந்தது. மயக்கம் கொடுக்க இன்னொருவர், கொதிகலன், வெளுத்த துணி, பூட்டிய அறை எல்லாம் தேவைப்பட்டன. கத்தி அன்றுதான் வீட்டை விட்டு வெளியேறிக் கட்டடத்துக்குள் குடிபுகுந்தது.

மலைகளில் எஞ்சியது மேனி அறுவை. புத்தூர்க் கட்டுக்கு ஆந்திர எல்லை கடந்து போகும் கூட்டத்தைப் பார்த்துப் படித்தவர்கள் சிரிப்பதுண்டு. துணி, தப்பை, முட்டை வெள்ளைக்கரு, ஒரு தேர்ந்த கை என்று அதன் தேவைகள் ஒரு பைக்குள் அடங்கும். எந்த மலையிலும் அது ஏறும். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்த முறிவில் அதே கட்டு காலையே பறித்துவிடலாம் என்பதும் உண்மை.

5. மானிப்பாயில் ஒரு நூல்

லிஸ்டர் தம் முறையை அறிவித்த அதே 1867இல் யாழ்ப்பாணத்தில் இரண வைத்தியம் என்ற தமிழ் நூல் வெளிவந்தது. அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் தம் மாணவர்களோடு சேர்ந்து, ட்ரூயிட்டின் அறுவை நூலைத் தமிழாக்கி வெளியிட்டது அது. மானிப்பாயில் அவர் தமிழிலேயே மேல்நாட்டு மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர் பட்டணத்துக்கு வேலை தேடிப் போவார், தமிழில் படித்தவர் ஊரில் தங்குவார் என்பது அவருடைய கணிப்பு. மொழியும் இடமும் பிணைந்தவை என்று அவர் கண்டுகொண்டிருந்தார். தமிழ்நாட்டில் 1835இல் தொடங்கிய சென்னை மருத்துவப் பள்ளியின் வழி வேறு. இன்றுவரை தமிழில் அறுவை படித்து ஒருவர் பட்டம் பெற முடியாது.

6. கொல்லிமலையிலிருந்து வேலூருக்கு

சேர்வராயனுக்குத் தென்கிழக்கே, சமவெளிக்கு அப்பால் இருப்பது கொல்லிமலை. இரண்டு மலைகளிலும் வாழ்பவர்கள் அதே மலையாளிப் பழங்குடியினர். 1914 ஜூலையில் பிறந்த பால் பிராண்ட் சிறுவயதில் வளர்ந்தது கொல்லிமலையில். பெற்றோர் ஜெஸ்ஸி, ஈவ்லின் என்னும் மிஷனரிகள். ஜெஸ்ஸி ஓராண்டு மருத்துவப் பயிற்சி பெற்றவர்; பல் பிடுங்குவார், கட்டி கீறுவார். அதாவது மேனி அறுவை கொல்லிமலைக்கு ஏறியிருந்தது. 1929இல் அவரே மலேரியாவின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சலில் மலையில் இறந்துபோனார். மகன் அப்போது இங்கிலாந்தில் பள்ளி மாணவன்.

அப்பா கீறிய கட்டிகளின் சீழையும் இரத்தத்தையும் கண்டு அருவருத்த பையன், மருத்துவம் வேண்டாம் என்று கட்டடத் தொழிலுக்குப் போனான். கல்லும் மரமும் சில ஆண்டுகள் பழகினான். பின்பு ஒரு மருத்துவமனையில், இறந்துவிட்டாள் என்றே தோன்றிய பெண் ஒருத்தி ஏற்றிய இரத்தத்தால் கண் திறந்ததைப் பார்த்து மனம் மாறியதாகப் பிராண்ட் எழுதியிருக்கிறார். இரத்தம் அவரை விரட்டியது, இரத்தமே திரும்ப அழைத்தது. போர்க்காலக் குண்டுவீச்சுக்கு நடுவில் லண்டனில் அறுவை பயின்று, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார்.

செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் ராபர்ட் காக்ரேன் என்ற தோல்நோய் மருத்துவர் அவருக்குக் கேள்வி ஒன்றை வைத்தார்: மடங்கிப்போன இந்தக் கைகளை எலும்பு மருத்துவர்கள் ஏன் திரும்பிப் பார்ப்பதில்லை? பிராண்ட் ஒரு நோயாளியோடு கைகுலுக்கினார். விரல்கள் கொக்கி போல் வளைந்திருந்தாலும் பிடியில் வலு இருந்தது. கை முழுதும் சாகவில்லை என்று அந்தக் குலுக்கலில் புரிந்தது. தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளை நாடுகிறது. தோலுக்கு அருகில் ஓடும் நரம்பு முழங்கையிலும் மணிக்கட்டிலும் கெடுகிறது. அதனால் உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழக்கின்றன. முன்கையின் பெரிய தசைகள் பல தப்பிவிடுகின்றன. தப்பிய தசையின் தசைநாணைத் திசைமாற்றி விரல்களில் இணைத்தால் மூடிய கை திறக்கும். 1948 முதல் வேலூரில் இவ்வறுவைகள் நடந்தன. தொழுநோயாளியின் சதை அழுகும், தையல் போட்டால் ஆறாது என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது. புண்ணுக்குக் காரணம் வலி தெரியாமை. சூடான பாத்திரத்தைத் தொட்டவர்க்குக் கையை எடுக்கத் தோன்றவில்லை. இரவில் எலி கடித்தது கூடத் தெரியவில்லை.

இங்கேயும் நாம் கையைத்தான் புகழ்கிறோம். பிராண்டே பார்த்தது கொஞ்சம் தள்ளி. திறந்த கையோடு ஊருக்குப் போனவர்கள் வேலை கிடைக்காமல் திரும்பிவந்தார்கள். ஏந்திய கைக்குப் பிச்சையும் முன்போல் விழவில்லை. ஆகவே 1951இல் வளாகத்துக்குள்ளேயே நவஜீவ நிலையம் என்ற சிற்றூர் எழுந்தது. அங்கே தச்சுப்பட்டறை இருந்தது. உணர்வற்ற கை உளியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று கற்றார்கள். மென்ரப்பர்ச் செருப்புகள் உருவாயின. இயன்முறைச் சிகிச்சையாளர், செருப்புத் தைப்பவர், தச்சர் எல்லாரும் அறுவைக் குழுவின் உறுப்பினர்கள் ஆனார்கள். கட்டடத் தொழிலாளியாகக் கழித்த ஆண்டுகள் வீண் போகவில்லை. பின்னாளில் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் இருந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். கூடம் வளைந்துகொடுத்தால் நிற்க முடியாதவரும் அறுவை மருத்துவர் ஆகலாம்.

இவ்வளவும் சமவெளியில் நடந்தது என்பதே இதன் முரண். கொல்லிமலையில் வளர்ந்த கை மலைக்கு வெளியேதான் தன் கூடத்தைக் கண்டது. மலைகளில் குதிரைமேல் சுற்றி முதுமை வரை ஊழியம் செய்தது அவருடைய தாய் ஈவ்லின்.

7. பிரிவுகள் பெருகியபோது

20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் சென்னையின் பெருமை டாக்டர் எஸ். ரங்காச்சாரி. வெளியூர் நோயாளிகளிடம் விரைய பஸ் மாத் ரக விமானம் ஒன்றைச் சொந்தமாக வைத்திருந்தவர், 1934இல் மறைந்தார். அறுவை மருத்துவரே நோயாளியைத் தேடிப் போகும் கனவின் உச்சம் அது, அதன் முடிவும் கூட. எழும்பூர்க் கண் மருத்துவமனையில் எலியட் 1909இல் கண்நீர் அழுத்த நோய்க்குத் துளையிடும் அறுவையைக் கொண்டுவந்தார். 1949இல் வேலூரில் ஜேக்கப் சாண்டி நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். 1950இல் சென்னையில் பி. ராமமூர்த்தி. இதயம், சிறுநீரகம், குழந்தை, ஒட்டுறுப்பு என்று கிளைகள் தொடர்ந்தன.

ஒவ்வொரு கிளையும் உயிர் காத்தது. ஒவ்வொன்றும் தனக்கென்று கருவியும் தீவிர சிகிச்சை அறையும் கேட்டது. மாவட்டத் தலைநகருக்குக் கீழே இறங்க மறுத்தது. சிசேரியன், குடல், எலும்பு மூன்றையும் பார்க்கக்கூடிய பொது அறுவை மருத்துவர் மெல்ல அரிதானார். 2015இல் லான்செட் ஆணையம் உலகில் 500 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான, கட்டுபடியாகும் அறுவை எட்டவில்லை என்று கணக்கிட்டது. ஒரு மருத்துவமனையின் தகுதியை அளக்க அது எடுத்துக்கொண்ட மூன்று அறுவைகள்: சிசேரியன், வயிற்றைத் திறத்தல், திறந்த எலும்பு முறிவுக்கான சிகிச்சை. இரண்டு மணி நேரத்துக்குள் இவை கிடைக்க வேண்டும் என்றது. மூளைக் கட்டியோ இதய வால்வோ அந்த அளவுகோலில் இல்லை.

2008இல் தமிழ்நாட்டுக்கு வந்த 108 ஆம்புலன்ஸ் இந்த இரண்டு மணி நேரத்தைப் பெரும்பாலான ஊர்களுக்குச் சாத்தியமாக்கியது என்றே நினைக்கிறேன். மலையில் அக்கணக்கு தார்ச்சாலை தொடங்கும் இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. சாலை எட்டாத குடியிருப்புகளில் கம்பில் தூளி கட்டிச் சுமக்கும் நேரம் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

8. சிட்லிங்கியின் சான்று

உள்ளறுவை மலைப்பக்கம் வரவே முடியாதா? கல்வராயனுக்கும் சித்தேரி மலைக்கும் இடைப்பட்ட சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு வேறு பதில் சொல்கிறது. தருமபுரி மாவட்டத்தில் இருக்கும் அங்கேயும் மலையாளிகளே மிகுதி. 1990களின் தொடக்கத்தில் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்ற மருத்துவ இணையர் அங்கே போய்க் குடிசையில் தொடங்கிய முயற்சி, அறுவைக்கூடம் உள்ள மருத்துவமனையாக வளர்ந்திருக்கிறது. ஒருவர் மயக்க மருத்துவர், இன்னொருவர் மகப்பேறு மருத்துவர். இந்தச் சேர்க்கையைத் தற்செயல் என்று விட்டுவிட முடியாது. தனி அறுவை மருத்துவர் ஒருவர் மலைக்குப் போயிருந்தால் பிராண்டின் தந்தை ஜெஸ்ஸியைப் போல் கட்டி கீறிக்கொண்டிருந்திருப்பார். கத்தியும் மயக்கமும் ஒரே வீட்டிலிருந்து வந்ததால் வயிற்றைத் திறக்க முடிந்தது. மூன்றாவது சரடு உள்ளூர்ப் பழங்குடிப் பெண்கள். பள்ளிப் படிப்பு மட்டுமே பெற்ற அவர்களைச் செவிலியராகப் பயிற்றுவித்து அறுவைக்கும் பேறுகாலத்துக்கும் துணை நிற்க வைத்தார்கள். வெளியூர்ச் செவிலியர் மாற்றல் வாங்கிப் போய்விடுவார். இவர்களுக்கு இதுதான் ஊர்.

இம்முயற்சியைப் பெரிதாக்கிக் காட்டவும் கூடாது. இரண்டு பேரின் வாழ்நாள் ஈடுபாட்டை அரசாணையாக்க முடியாது. சட்டமும் எப்போதும் உதவுவதில்லை. 1996இல் உச்ச நீதிமன்றம் இரத்த வங்கிகளை உரிமத்துக்குள் கொண்டுவந்தது. எய்ட்ஸ் அச்சம் நிறைந்த காலத்தில் அது தேவையான தீர்ப்பு. ஆனால் வாசலில் நிற்கும் அண்ணனிடம் இரத்தம் எடுத்துச் சோதித்துத் தங்கைக்கு ஏற்றுவதும் அதனால் சட்டவிரோதமானது என்று கிராமப்புற அறுவை மருத்துவர்கள் நெடுநாள் முறையிட்டார்கள். மகாராஷ்டிரத்தின் தொண்டாய்ச்சாவில் டோங்காவ்கர் என்னும் மருத்துவர் கொசுவலைத் துணியைக் கிருமிநீக்கிக் குடலிறக்கத்துக்கு வலையாகத் தைத்ததையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். விலை உயர்ந்த வலைக்கு மாற்று கண்டுபிடிக்கலாம். இரத்தத்துக்கு மாற்று இன்னும் இல்லை.

9. ஒரு கணக்கு

மஞ்சக்குட்டையில் இரவு 2 மணிக்குப் பிரசவ வலியில் இருக்கும் பெண்ணுக்குக் குழந்தை குறுக்கே கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிசேரியன் செய்யும் கைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேர வேலை. அந்த ஒரு மணி நேரத்துக்காக மயக்க மருத்துவர் தலைமாட்டில் நிற்க வேண்டும். கருவி எடுத்துக்கொடுக்க ஒருவர், பிறந்ததை வாங்க ஒருவர், முந்தின நாளே துணியை அவித்து வைக்க ஒருவர், குளிர்பெட்டியில் அவள் வகை இரத்தம், மின்சாரம் போனால் ஓட ஜெனரேட்டர், அதற்கு டீசல். கீழே இறங்குவதென்றால் ஓட்டுநர் ஒருவர், 20 வளைவுகள், மூடுபனி.

திருமுக்கூடலில் கல் தச்சன் இதே வகைப் பட்டியலைத்தான் வெட்டினான். விறகு கொண்டுவருபவனையும் அவன் விட்டுவிடவில்லை.